விடியற்காலையா, இரவா: வீட்டு ஜெபத்துக்கு எதைப் பிடிப்பது?

போன டிசம்பரில் அக்கா மகள் போன் செய்தாள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. திருநகரில் வாடகை வீடு, மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை.

"சித்தி, புது வருஷத்துல இருந்து ஒழுங்கா ஜெபம் பண்ணணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். இவர் ஒரு வருஷத்துல பைபிள் முழுசா முடிச்சிடலாம்ங்கறார். அத்தை நாலரை மணிக்கு எந்திரிக்கணும்ங்கறாங்க. சபையில ஒரு அக்கா தியானப் புத்தகம் குடுத்திருக்காங்க. போன்லயும் ஒரு ஆப் இறக்கியாச்சு. எதைப் பிடிக்கிறது?"

இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நாலையும் செய் என்று சொல்லியிருப்பேன். நாலையும் ஆரம்பித்து நாலும் ஏப்ரலுக்குள் நின்றுபோன அனுபவம் எனக்கு உண்டு. அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் அவளுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். நான் மதுரை அரசரடிப் பக்கம் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை, சி.எஸ்.ஐ. சபைக்காரி. இறையியல் படித்தவள் இல்லை.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எத்தனை அதிகாரம் வாசித்தோம், எத்தனை நிமிடம் முழங்காலில் இருந்தோம் என்று எண்ணுவது சுலபம், அதனால் எல்லோரும் அதைத்தான் எண்ணுகிறோம். வேதம் வேறொரு கணக்கைச் சொல்கிறது. குழந்தைக்குப் பால், வளர்ந்தவர்களுக்குப் பலமான ஆகாரம் என்று புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. வளர்ந்தவர்கள் யார் என்பதற்கு அங்கேயே அடையாளமும் இருக்கிறது: நன்மை தீமையைப் பகுத்தறிய "முயற்சியினால் பழகின ஞானேந்திரியங்கள்" உள்ளவர்கள். மூல கிரேக்கத்தில் அந்தப் "பழகின" என்ற சொல் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்து எடுத்தது. நாம் ஜிம் என்று சொல்வதற்கும் அதுதான் வேர். "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் அதே சொல்தான் வருகிறது. சரி, அப்படியானால் ஒரு முறை நல்லதா இல்லையா என்பதற்கு என் கேள்வி இதுதான்: ஜெபத்தில் கேட்டது, மறுநாள் கடையிலோ ஆபீசிலோ ஒரு முடிவு எடுக்கிற நேரத்தில் கைக்கு வருகிறதா?

முதலில் மாப்பிள்ளை சொன்ன வருடத் திட்டம்.

நம் வேதத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு எளிது. வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்கு 23, ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 1196. ஏழு அதிகாரம் கையில் மிச்சம். சத்தமாக நிதானமாக வாசித்தால் எனக்கு ஓர் அதிகாரத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகிறது, ஆக தினம் கால்மணி நேரம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கும்.

ஜனவரியில் நன்றாகவே போகும். பொங்கல் வரும்போது யாக்கோபு குடும்பத்தோடு எகிப்துக்கு வண்டி ஏறிக்கொண்டிருப்பார். குடியரசு தினத்துக்கு, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் நீளம் அகலம், கொக்கி, பாதம், திரை எல்லாம் வந்துவிடும். மாதக் கடைசியில் பலி, சடங்கு விதிகள் நிறைந்த லேவியராகமம். முக்கால்வாசிப் பேர் நிற்கிற இடம் அதுதான். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "லேவியராகமத்துல" என்று சொல்லிச் சிரிப்பார்கள். மே மாதத்திலும் அதே பதில்தான் வரும்.

வரிசையாக வாசிக்காமல் ஒரே நாளில் நாலு இடத்தில் வாசிக்கிற திட்டமும் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஊழியம் செய்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842 டிசம்பர் கடைசியில் தன் சபையாருக்காகப் போட்டுக் கொடுத்தது. ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நாலிலும் முதல் அதிகாரம். அப்படியே போனால் வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடியும். இன்றைக்கும் பல ஆப்களில் இந்தத் திட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஆப்களில் பெரும்பாலும் காணாமல் போன ஒரு விஷயம் உண்டு. அவர் அட்டவணையில் இரண்டு பிரிவு வைத்திருந்தார். இரண்டு அதிகாரம் குடும்பமாக வாசிக்க, இரண்டு தனியாக வாசிக்க. நாலையும் ஒருவரே கதவைச் சாத்திக்கொண்டு வாசித்து முடிக்கச் சொல்லவில்லை. இன்னொன்றும் செய்தார். இந்தத் திட்டத்தில் என்னென்ன ஆபத்து வரும் என்று அவரே முதலில் எழுதிவிட்டார்: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகலாம். தான் போட்ட திட்டத்தின் குறையைத் தானே எழுதிய அந்த மனிதருக்கு அடுத்த மார்ச்சில் மரணம். வயது 29.

அவர் சொன்ன நாலும் எனக்கு நடந்தது. ஒரு வருடம் முடித்தே தீருவது என்று நின்றேன். டிசம்பர் 24 அன்று பார்க்கிறேன், எபிரெயரில் இருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை பாக்கி. ஐம்பத்தாறு அதிகாரம், ஒரே வாரம், நடுவில் கிறிஸ்துமஸ். முறுக்கு பிழிந்துகொண்டே மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கட்டத்தில் டிக் போட்டேன். "முயற்சியினால் பழகின ஞானேந்திரியங்கள்" அந்த வாரத்தில்தான் கடந்து போயிருக்க வேண்டும். காதில் விழுந்த ஞாபகமே இல்லை.

ஆனாலும் வருடத் திட்டத்தை வேண்டாம் என்று தள்ள மாட்டேன். வாழ்நாளில் ஒருமுறையாவது முழு வேதமும் நம் கண்ணைக் கடந்து போக வேண்டும். இல்லையென்றால் பிரசங்கத்தில் வரும் இருபது முப்பது வசனத்தையே வேதம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எல்லோரும் தாண்டிக் குதிக்கிற லேவியராகமத்தில்தான் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது இருக்கிறது, 19-ஆம் அதிகாரத்தில். அதே அதிகாரத்தின் கடைசியில் சரியான தராசும் சரியான எடைக்கல்லும் வைத்திரு என்ற கட்டளையும் இருக்கிறது.

தராசு என்றதும் என் தம்பி கதையைச் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து போவான். அதிகாலை ஜெபம் என்று யாராவது அவனிடம் சொன்னால், "எந்த அதிகாலை?" என்று கேட்பான். பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வேதத்தோடு உட்காருவான். வேதத்தை ஐந்து முறை முழுதாக வாசித்தவன். அதற்காகச் சபையில் பரிசுகூட வாங்கியிருக்கிறான்.

ஒரு தை மாதம். பனிக்கு மல்லிகை வரத்துக் குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் விலை எங்கே போகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் பையில் ஆறு கிலோ சொச்சம் கொண்டு வந்தார். பூ பனியில் நனைந்திருந்தது. ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பது வழக்கம். தம்பி அன்றைக்கு வழக்கத்துக்கு மேல் இருநூறு கிராம் சேர்த்துக் கழித்துவிட்டான். அவர் தராசைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சீட்டை வாங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபம். அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு நல்லதும், மனதை உறுத்துகிற ஒன்றும் சொல்ல வேண்டும். அவன் மகன், ஆறாம் வகுப்பு, நண்பனின் பேனாவை எடுத்ததைச் சொல்லிவிட்டு, "இப்ப நீங்கப்பா" என்றான். இவனுக்கு வாயில் இருந்து வந்தது அந்தத் துண்டு உதறல்தான். மறுநாள் அந்த விவசாயி வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். இருநூறு கிராமுக்கான பணத்தைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னான். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியும்" என்றாராம்.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழியை அவன் வேதத்தை முழுதாக வாசித்ததில் ஐந்து முறையாவது கடந்திருப்பான். ஐந்து முறையும் டிக் விழுந்திருக்கும். அது கைக்கு வந்தது ராத்திரி பத்து மணிக்கு மகன் கேட்ட கேள்வியில். வாசித்ததெல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே போயிருந்ததால்தான் உறுத்தியது. உறுத்தலை வெளியே எடுக்க வேறொன்று வேண்டியிருந்தது.

தியானப் புத்தகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு வசனம், கீழே அரைப் பக்க விளக்கம், ஒரு ஜெபம். இந்தப் பழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியச் சபையார் 1728 மே 3 முதல் தினம் ஒரு வசனத்தை வீடுவீடாகச் சொல்லி அனுப்பினார்கள். 1731-ல் இருந்து அது புத்தகமாகவே அச்சாகிறது, இன்றுவரை நிற்கவில்லை. அந்தச் சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பலம், ஊர் முழுக்க அன்றைக்கு ஒரே வசனத்தை வைத்துப் பேசிக்கொண்டது. நம் வீட்டில் ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு வசனம். கைக்குழந்தைக்காரி, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர், பரீட்சை நேரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தியானப் புத்தகம் போதும், அந்த நாட்களில் அதுவே பெரிது. வருடக்கணக்காக அது மட்டும் என்றால் அடுத்தவர் மென்று கொடுத்ததையே சாப்பிட்டுப் பழகிவிடும். எபிரெயர் சொன்ன பால் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

போன் பற்றி இன்னும் குறைவாகச் சொன்னால் போதும். காலையில் பூப்படத்தின் மேல் வசனம் போட்டு வாட்ஸ்அப்பில் பத்து பேருக்கு அனுப்புவது ஜெபம் ஆகாது. அனுப்புகிறவர்களே அதை வாசிப்பதில்லை. நான் பலமுறை சோதித்திருக்கிறேன், அதே வசனத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். ஒலி வேதம் மட்டும் நிஜமாகவே நல்ல விஷயம். பஸ்ஸில் போகும்போது கேட்கலாம். கண்புரை வந்தபிறகு என் மாமியார் அதை வைத்துத்தான் நாட்களை ஓட்டினார். ஆனால் வாசிக்க உட்காரும்போது அச்சடித்த புத்தகம் இருக்கட்டும். போனில் எரேமியாவைத் திறந்தவள் சேலை விற்கிற வீடியோவில் போய் முடிந்த கதை என்னுடையதே.

இங்கே மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய திருப்புதல் 1871-ல் முடிந்தது. எனக்கு அதுதான் வேதம், அந்த ஓசை இல்லாமல் எனக்கு ஜெபமே வராது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மாப்பிள்ளைக்கு அந்த நீள வாக்கியங்கள் கஷ்டம். "சுமுத்திரையான நிறைகல்" (சரியான எடைக்கல்தான்) என்றால் என்ன என்று அவர் கேட்டால் அவளுக்கும் தெரியாது. பிராட்டஸ்டண்ட், கத்தோலிக்க அறிஞர்கள் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. ஒருவர் அதில், ஒருவர் இதில் என்று வாசித்தால் பாதி விளக்கம் தானாக வந்துவிடும்.

இப்போது பெரிய கேள்வி. அத்தை சொன்ன நாலரை மணி.

அதிகாலைக்கு இருக்கிற மரியாதை சும்மா வந்ததில்லை. ஆண்டவர் இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரம் சொல்கிறது. யாரும் நம்மைத் தேடாத நேரம், மனதில் யார் மேலும் கோபம் ஏறாத நேரம். என் அப்பா ரிட்டயர் ஆன பிறகு பதினெட்டு வருடம் நாலு மணிக்கு எழுந்தார். அவருடைய நாற்காலியின் வலது கைப்பிடியில் வார்னிஷ் போய் மரம் தெரியும், அவ்வளவு நேரம் அதில் கை வைத்திருந்திருக்கிறார். தனியாக, அமைதியாக, அவசரமில்லாமல் ஆண்டவர் முன்னால் உட்கார அதைவிட நல்ல நேரம் கிடையாது. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் அப்பாவுக்கு நாலே முக்காலுக்குக் காபி வரும். போட்டது அம்மா. அதிகாலை ஜெபம் பற்றிப் பிரசங்கம் செய்கிற சபைப் போதகர்கள் எல்லோருக்கும் யாரோ காபி போட்டுக் கொடுக்கிறார்கள் என்று நான் ஒருமுறை சொல்லி, அம்மாவிடம் திட்டு வாங்கினேன். என் வீட்டுக் காலை இப்படி இருக்கும்: தண்ணீர் வருகிற நாள் என்றால் ஐந்து மணிக்குக் குழாயடி. இல்லையென்றால் அரைத்து வைத்த மாவு, இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு ஃபிளாஸ்க். ஏழே காலுக்கு பஸ். இதற்கு முன்னால் நாலரைக்கு எழுவதென்றால் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். மதுரையில் பத்து மணிக்கு யார் படுக்கிறார்கள்? தூங்கா நகரம் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று மாதம் செய்து பார்த்தேன். ஜெபத்தில் தூங்கினேன், வகுப்பில் எரிந்து விழுந்தேன். பிள்ளைகள், "மிஸ், இன்னைக்கு ஜெபம் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இரவுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் நாள் சாயங்காலத்தில்தான் ஆரம்பிக்கிறது, "சாயங்காலமும் விடியற்காலமுமாகி." "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்று 55-ஆம் சங்கீதம் சொல்லும்போதும் அந்திதான் முதலில் நிற்கிறது. "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்று 4-ஆம் சங்கீதம். ஆண்டவரும் ஒரு மலையில் இராமுழுதும் ஜெபித்திருக்கிறார். அதிகாலையை மட்டும் எடுத்துக்கொண்டு இதையெல்லாம் விட்டுவிட்டோம்.

இரவு நேரத்துக்கு ஒரு வேலை உண்டு, அது காலையில் நடக்காது: முடிந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக் கத்தோலிக்க டீச்சர். அவர்கள் ஆன்ம சோதனை என்பார்கள். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் அதை ஐந்து படியாக வகுத்திருக்கிறார்: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளை மணிவாரியாகப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்குத் திருத்திக்கொள்ளத் தீர்மானிப்பது. அவர் போர்வீரராக இருந்தவர், கணக்கில் கறார். ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை தடவை விழுந்தோம் என்று கோட்டில் புள்ளி வைக்கச் சொல்கிறார், நாளுக்கு இரண்டு வேளை. இந்த வாரத்துப் புள்ளியைப் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டும். மளிகைக்கடைச் சிட்டை மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு டீச்சர், "கடனை எழுதி வைக்கிறவங்கதான் அடைப்பாங்க" என்றார்.

நான் புள்ளி வைத்துப் பார்த்தேன், "சுருக்கென்று பேசுவது" என்ற ஒரே தலைப்பில். முதல் வாரம் எண்ணி முடியவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. புள்ளிகளில் பாதி காலை நேரத்திலும், அதிலும் முக்கால்வாசி ஒரே ஆளிடமும். பள்ளிக்கூடத்து ஆயாம்மா. கேட் பக்கத்தில் நின்று வணக்கம் சொல்கிறவரிடம் ஒரு நாள் தவறாமல் ஏதாவது குறை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். ஐம்பத்தாறு அதிகாரத்தை ஒரு வாரத்தில் வாசித்தவளுக்கு இது தெரியாமலே இருந்தது.

இரவின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். களைப்பு. டிவி. விருந்தாளி. பிள்ளைகள் வாசிப்புக்கு நடுவில் சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தோம், பசி ஆளை எழுப்பி வைக்கும். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் பாய் போட்டு உட்காருவோம். மேல்நாட்டு மெட்டில் பாமாலையா, நம் மெட்டில் கீர்த்தனையா என்ற சண்டை தினமும் உண்டு, கீர்த்தனைதான் ஜெயிக்கும். ஒரு பாட்டு, பத்துப் பதினைந்து வசனம், அன்றைக்கு நடந்தது, ஆளுக்கு இரண்டு வாக்கியம் ஜெபம். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் அடுத்த நாள் ஆள் குறையும்.

பத்துப் பதினைந்து வசனம் போதுமா என்று கேட்பார்கள். என் அப்பத்தா திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரி. அமெரிக்கன் மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்தபிறகு வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்த வேதாகமப் பெண்கள் இருந்தார்கள். அப்பத்தாவின் அம்மா அப்படி ஒருவரிடம் படித்தவர். அப்பத்தாவுக்கு எழுத்து சரியாக வரவில்லை. ஆனால் 119-ஆம் சங்கீதம், 176 வசனம், முழுக்க வாயில் இருக்கும். எட்டு எட்டு வசனமாக 22 பகுதி அது. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி என்று அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. களை எடுக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம். முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் தியானமாயிருக்கிற" என்ற இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல்லுக்கு முணுமுணுப்பது என்ற பொருளும் உண்டு. இரைமேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் புறா முனகுவதற்கும் ஏசாயா அதே சொல்லைத்தான் போடுகிறார். அப்பத்தாவுக்கு எபிரெயம் தெரியாது, செய்தது அதைத்தான்.

உபவாசம் பற்றியும் அக்கா மகள் கேட்டிருந்தாள். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை தோறும் இருக்கலாம் என்கிறாராம். புதனும் வெள்ளியும் உபவாசம் என்பது ஆதிச் சபையிலேயே இருந்த வழக்கம், பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற மிகப் பழைய நூலில் எழுதியிருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அந்த இரண்டு நாளைத்தான் பிடித்தார். 1606-ல் நம் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நொபிலி, ஒரு வேளை மரக்கறிச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார் என்பதும் வரலாறு. இவர்களெல்லாம் பெரிய மனிதர்கள். ஆறு மாதக் குடும்பத்துக்கு நான் சொன்னது: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாற்பது நாளில் ஆரம்பிக்கட்டும், ஒரு வேளை போதும், மிச்சமாகிற பணத்தைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுப் பசிக்கிற ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். ஏசாயா 58 கேட்பது அந்த உபவாசம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது, சர்க்கரை இறங்கி ஆலயத்திலேயே மயங்கி விழுந்தவரை நான் தூக்கியிருக்கிறேன். இன்னொன்று, உபவாச நாளில் வீட்டில் யாரும் சிடுசிடுக்கக் கூடாது. சிடுசிடுப்பு வந்தால் சாப்பிட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் எடைபோட்டு நான் அவளுக்குச் சொன்ன முடிவு. இரவு ஜெபத்தை முதுகெலும்பாக வை. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும், இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற கடைசி இருபது நிமிடம். மாற்குவில் ஆரம்பி, பதினாறே அதிகாரம், ஒரு நாளைக்கு ஒரு சம்பவம். முடிந்ததும் அந்த இரண்டு கேள்வி: நல்லது எது, உறுத்துவது எது. ஒருவர் சொல்லும்போது மற்றவர் புத்தி சொல்லக் கூடாது, இது ரொம்ப முக்கியம், கல்யாணமான புதுசில் இன்னும் முக்கியம். காலையில் ஐந்து நிமிடம் ஒரு சங்கீதம், நின்றுகொண்டே. அடுப்பில் பால் இருந்தாலும் பரவாயில்லை. முழு வேதம் வாசிப்பதை மூன்று வருடத்துக்குப் பிரித்துக்கொள், தினம் ஓர் அதிகாரம் சொச்சம்தான் வரும், பஸ்ஸிலோ மத்தியானமோ. அத்தையிடம் நாலரை மணிக்கு எழ மாட்டேன் என்று சொல்லாதே. அவர்கள் வந்து தங்கும் நாட்களில் மட்டும் எழுந்து அவர்களோடு உட்கார். மாமியார் ஜெபத்தில் நம் பெயர் வருவதைக் காதால் கேட்பதும் ஒரு பாக்கியம்தான்.

தனியாக இருக்கிறவர்களுக்கும் ரிட்டயர் ஆனவர்களுக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். காலை அவர்களுடையதாக இருந்தால் காலைதான். தனியாக இருப்பவருக்கு உறுத்தலைக் கேட்க ஓர் ஆள் வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசும் சிநேகிதர் போதும். வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால் இரவு ஜெபத்தைச் சத்தமாக வைத்துச் சண்டை இழுக்க வேண்டாம். அப்பத்தா மாதிரி வாய்க்குள் எட்டு வசனம் போதும்.

பிப்ரவரி மத்தியில் மறுபடி போன் வந்தது. "சித்தி, ஒன்பது நாள் விட்டுப்போச்சு. இவருக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க, எனக்கும் காய்ச்சல். விட்டதை எல்லாம் சேர்த்து வாசிச்சிடவா?"

சேர்த்து வாசிக்காதே, ஐம்பத்தாறு அதிகாரக் கதைதான் ஆகும் என்றேன். எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். மாற்கு ஆறில், சீஷர்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தபோது கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று ஆண்டவர் கூப்பிடுகிற இடத்தில் அடையாளத்துக்கு நூல் வைத்திருக்கிறாளாம்.

"அவர் எத்தனை மணிக்கு வர்றார்?"

"பதினொண்ணு ஆகும் சித்தி."

"தோசை ஊத்தி வை. சாப்பிட்டுட்டு அதுல இருந்தே வாசிங்க."